மறைத்து வைக்கும் இருமல்

தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடலிலும், மேலப்பாளையத்திலும், ஆலங்குளம் வட்டாரத்திலும், மடியில் சுளகை வைத்துக்கொண்டு பகலெல்லாம் பீடி சுற்றும் பெண்கள், இருமலைப் புகையிலைத் தூளின் காரியமென்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்படி ஒதுக்குவதில் ஒரு சௌகரியமும் உண்டு. காசநோய் என்று பெயர் விழுந்துவிட்டால், பீடிக்கடையில் இலையும் தூளும் கொடுப்பவரின் முகம் மாறுமோ, வீட்டிலிருக்கும் மகளுக்கு வரன் தட்டிப்போகுமோ என்ற எண்ணம், வியாதியைக் காட்டிலும் பெரிதாக முன்னே வந்து நிற்கிறது.

பயமும் வெட்கமும்

வியாதிக்குப் பயப்படுகிறவள் மருத்துவரைத் தேடிப் போவாள். வியாதியால் தானே தாழ்ந்துபோனதாக நினைக்கிறவளோ, அந்த மருத்துவரைக் கண்டுதான் முதலில் ஒளிவாள். சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மருந்துண்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகக் குணமடைந்ததையும், உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் அதிகப்படி அபாயம் நேராததையும் நிரூபித்த பின்னரும், காற்றின் வழியே பரவும் வியாதிக்காகத் தட்டையும் தம்ளரையும் தனியே வைக்கும் சம்பிரதாயம் ஒழிந்தபாடில்லை. அந்தத் தனித்தட்டு கிருமியை எவ்விதத்திலும் தடுப்பதில்லை; சாப்பிடுகிறவளைத்தான் தினம் மூன்று வேளையும் அவமதிக்கிறது.

வாசலில் நிற்கும் வண்டி

நல்லெண்ணத்தோடு வரும் களப்பணியாளரே சில சமயம் இந்த அவமானத்தைப் பெருக்கிவிடுகிறார். துறையின் பெயர் எழுதிய வண்டியை வாசலில் நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று தெருவறியக் கேட்டால், மறுவாரம் அந்தக் கதவு திறவாததில் ஆச்சரியமென்ன? எங்கே, எந்த நேரத்தில் சந்திப்பதென்பதை நோயாளியே தீர்மானிக்கட்டும். ரிஃபாம்பிசின் மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகும் என்பதையும் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், யாரிடமும் கேட்கக் கூசி மருந்தையே நிறுத்திவிடுவார்கள்.

பணியாளரின் மனம்

சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களின் பெயர்ப்பட்டியலுக்காக மேலதிகாரி முன் தலைகுனிந்து நின்ற பணியாளர், அந்தக் குனிவை அப்படியே நோயாளியின் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார் என்பது என் அபிப்பிராயம். "ஏன் நிறுத்தினே?" என்று அதட்டுகிற குரலுக்குப் பொய்தான் பதிலாக வரும். "என்னைக்கெல்லாம் மாத்திரை சாப்பிடக் கஷ்டமா இருந்துச்சுக்கா?" என்று கேட்டால், வயிறு எரிந்த நாளும் மாமியார் பார்த்துவிட்ட நாளும் வெளியே வரும். பணியாளரும் தம் தோல்விகளைக் கூசாமல் பேசக்கூடிய கூட்டம் மாதமொருமுறையாவது நடந்தால்தான் இந்தக் குரல் மாறும்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக, நோயாளியின் வங்கிக் கணக்கில் நேரே சேர்கிறது; அதற்காக எவர் முன்னும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.