கரடி டப்பாவும் தனுஷ்கோடி நாயும்

அமெரிக்காவில் யோசெமிட்டி காட்டுக்குள் இரவு தங்கப் போறவங்க, சாப்பாட்டைக் ‘கரடி டப்பா’வில்தான் கொண்டு போகணும். பூட்டெல்லாம் இல்லைங்க. உருண்டையா, வழவழன்னு, கரடி வாய்க்குள் அடங்காத பருமன். மூடியைத் திறக்க மனுஷ விரல் வேணும். அவ்வளவுதான் சூட்சுமம்.

நம்ம தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரடி கிடையாது. காக்காவும் நாயும் தாராளம். கேரி பேக் ஒரு கொத்துக்குத் தாங்காது. தூக்குவாளி மூடி, உருட்டினாலே கழண்டுடும். நாய் கவ்வ முடியாத அகலத்தில் திருகுமூடி டப்பாவா எடுங்க. மரையில் மணல் ஏறினா மூடி இறுகாது, துடைச்சுட்டு மூடுங்க.

ஒரு பொட்டலம் புளியோதரை போனா என்னன்னு கேட்கலாம். இந்த மணலில்தான் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடுது. வனத்துறை அதைச் சேகரிச்சுப் பொரிப்பகத்தில் வைக்குது. அவங்க வர்றதுக்குள் குழியைத் தோண்டிடறது நாய். அந்த நாயைக் கடற்கரைக்கு இழுக்கறது நம்ம மிச்சச் சோறு. அதனால மிச்சத்தையும் அதே டப்பாவில் திருப்பிக் கொண்டு வாங்க.