முதிய நாயின் இருமல்: வயதா, நோயா?

யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவுகளிற் பல்லாண்டு காவல் நின்ற நாய் முதுமையில் இருமி இளைக்கத் தொடங்கின், 'வயது போய்விட்டது' என்று அமைந்துவிடுதல் நம்மவர் வழக்கு. முதுமை நோய்க்கு இடந்தருமேயன்றித் தானே நோயாகாது என்பதை இங்கு விளக்க முனைகின்றோம்.

முதிய நாய்களில், சிறப்பாகச் சிற்றினங்களில், பெரிதுங் காணப்படும் இதயநோய் இருகூர் வால்வின் நலிவாகும். தடித்த வால்வு முற்றாக மூடாமையாற் குருதியின் ஒரு பகுதி இடச் சோணையறைக்கு மீள்கின்றது. அவ்வறை பெருத்து மூச்சுக்கிளையை நெருக்கின் இருமல் உண்டாகலாம். சுவாசப்பை நாளங்களில் அமுக்கம் உயரின் காற்றறைகளில் நீர் கசிந்து இளைப்பு மிகும். நாட்பட்ட மூச்சுக்கிளை அழற்சியும் இருமலைத் தருமாதலின், நெஞ்சொலியும் எக்ஸ்கதிர்ப் படமும் கொண்டே வேறுபாடு துணியப்படும்.

11 நாடுகளில் 360 நாய்களைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இதயம் பெருத்தும் இளைப்புத் தோன்றாத நிலையிற் கொடுக்கப்பட்ட பிமோபெண்டன் என்னும் மருந்து இதயச் செயலிழப்பை ஏறத்தாழ 15 மாதங்கள் பிற்படுத்தியதைக் காட்டிற்று. எனவே, இருமலுக்கு முன்னரே ஆண்டுதோறும் நெஞ்சொலியைச் சோதிப்பித்தல் நன்று.

நோய் கண்டபின், வெப்பந் தணிந்த வேளையில் உறங்கும் நாயின் மூச்சை எண்ணுதல் வேண்டும். நிமிடத்துக்கு 30ஐத் தொடர்ந்து தாண்டின், தாமதியாது மிருக வைத்தியரை நாடுக. அதற்கு மணிக்கூடு ஒன்றும் நமது கவனமுமே போதும்.