ஜீப்பின் முன்சக்கர ஹப் 'ஜாம்' ஆகிவிட்டதா? சுத்தியலை எடுக்கும் முன் இதைப் படிங்க!

பவானியிலிருந்து அந்தியூரைத் தாண்டி, வரட்டுப்பள்ளம் அணைப் பக்கமாகப் போனால் பர்கூர் மலைப்பாதை ஆரம்பித்துவிடும். தாமரைக்கரை, பர்கூர் எனக் கர்நாடக எல்லை வரை நீளும் சாலை அது. அந்தத் தார்ச்சாலையைவிட்டு விலகி, கல்லும் பள்ளமுமான தடத்தில் ஏற வேண்டுமென்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான் கைகொடுக்கும். மலைக்காட்டில் ஜீப் என்பது சரக்கு வண்டி, பள்ளி வண்டி. அவசரத்துக்கு ஆம்புலன்ஸும் அதுதான்.

அப்படிப்பட்ட வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றி பேரிங் மாற்றலாம் என்று உட்கார்ந்தால், ஹப் அசையவே மாட்டேன் என்கிறது. ஆக்ஸில் ஷாஃப்டும் வெளியே வரவில்லை. உடனே கை பெரிய சுத்தியலைத்தான் தேடும். சில நூறு ரூபாய் பேரிங் வேலை, பல ஆயிரம் ரூபாய் ஆக்ஸில் வேலையாக மாறுவது அந்த இடத்தில்தான்.

ஏன் பிடித்துக்கொள்கிறது?

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரானது வில்லிஸ் ஜீப். 1947-ல் அதன் பாகங்களை இறக்குமதி செய்து, இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது இன்றைய மஹிந்திரா நிறுவனம். அதன் வழி வந்த பழைய ஜீப்கள் பலவற்றில் முன் ஆக்ஸில் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆக்ஸில் ஷாஃப்டின் நுனியில் பல் பல்லாக வெட்டு இருக்கும். அதில் ஒரு ஃபிளாஞ்ச் கோத்து, ஹப்போடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகள். அவை உட்கார்ந்திருக்கும் குழாய் போன்ற பாகம் ஸ்பிண்டில்.

இதில் தண்ணீர் எப்படிப் போகிறது? ஓடி வந்த வண்டியின் ஹப் சூடாக இருக்கும். அப்படியே ஓடையில் இறக்கினால் ஹப் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. கிரீஸ் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறினால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு துரு. இரும்பு துருப்பிடித்தால் அது பிடிக்கும் இடமும் பெரிதாகும். அதனால் இரண்டு பாகங்களுக்கு நடுவே துரு ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். கிரீஸ் இல்லாமல் ஓடிய பேரிங் என்றால் இன்னும் மோசம். சூட்டில் அதன் உள்வளையம் ஸ்பிண்டிலோடு ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பாதுகாப்பு

* சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

* பழைய வில்லிஸ் வகை ஜீப்களில் இடதுபக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரையாக இருக்கலாம். வழக்கமான திசையில் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனால் ஸ்டட் உடைந்துவிடும்.

* கண்ணாடி அணிவது கட்டாயம். பேரிங் வளையம் மிகக் கடினமான எஃகு. சுத்தியல் பட்டால் சில்லாகத் தெறிக்கும்.

* பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே சரி.

எங்கே மாட்டியிருக்கிறது?

'ஹப் ஜாம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு வேறு. இடத்தைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

முதல் இடம், வெளியே இருக்கும் ஃபிளாஞ்ச். மூடியை எடுத்து, ஷாஃப்ட் நுனியில் உள்ள நட்டையோ, ஸ்னாப் ரிங்கையோ கழற்ற வேண்டும். பிறகு ஃபிளாஞ்ச் போல்ட்டுகள். அதன்பின்பும் வரவில்லை என்றால், ஷாஃப்டின் பல்வெட்டில் துரு பிடித்திருக்கிறது. துரு இளக்கும் ஆயிலை அடித்து ஒரு இரவு விட்டுவிடலாம். மறுநாள் புல்லரை மாட்டி இறுக்கி, புல்லரின் நடு போல்ட் தலையில் லேசாக ஒரு தட்டு. அசையவில்லையா? மறுபடி ஆயில், சிறிது நேரம் கழித்து மறுபடி இறுக்கு, தட்டு. ஷாஃப்ட் நுனியில் நேரடியாக அடித்தால் மரை நசுங்கும். உள்ளே இருக்கும் ஜாயின்ட்டும் அடி வாங்கும்.

இரண்டாவது இடம், பிரேக் டிரம். பல வருடம் தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் ஒரு வரப்பு உருவாகியிருக்கும். பிரேக் ஷூ அதில் மாட்டிக்கொண்டு ஹப்பை விடாது. பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்டைத் தளர்த்தினால் வந்துவிடும்.

மூன்றாவது இடம், உள்பக்க பேரிங். லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, லாக் நட், வாஷர், அட்ஜஸ்டிங் நட் என வரிசையாக எடுத்த பிறகும் ஹப் வரவில்லை என்றால், உள்வளையம் ஸ்பிண்டிலில் ஒட்டியிருக்கலாம். இதற்கு ஹப் புல்லர்தான் வழி. அடித்து எடுத்தால் ஸ்பிண்டில் மரை போகும்; பிறகு லேத் பட்டறைதான்.

நான்காவது இடம், ஸ்பிண்டில். இதைக் கழற்றாமல் ஆக்ஸில் ஷாஃப்ட் வெளியே வராது. பிரேக் டியூப்பையும் பேக்கிங் பிளேட் போல்ட்டுகளையும் எடுத்த பிறகும், துருவால் இது நக்கிளோடு ஒட்டியிருக்கும். சுற்றிச் சுற்றி, கட்டையோ செம்புச் சுத்தியோ வைத்து மெதுவாகத் தட்டி இளக்க வேண்டும். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு இன்னும் இறுகும்.

ஸ்பிண்டில் வந்துவிட்டால் ஷாஃப்டை ஜாயின்ட்டோடு நேராக இழுக்கலாம். நுனி கீழே தொங்கினால் உள்ளே இருக்கும் ஆயில் சீல் கிழியும். இன்னொருவர் தாங்கிப் பிடித்தால் நல்லது. இரண்டு பக்க ஷாஃப்டும் ஒரே நீளம் இருக்காது. எது எந்தப் பக்கம் என்று குறித்து வைக்க வேண்டும்.

பவானி ஜமக்காளத் தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும். சிக்கல் விழுந்த நூலை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துதான் வரும்.

தீ காட்டலாமா?

கடைசி வழியாக மட்டும். வெளிப்பாகத்தைச் சுற்றிலும் சமமாகச் சூடு காட்டினால் அது விரிந்து பிடியை விடும். ஆனால், கிரீஸ் தீப்பிடிக்கும், சீல் உருகும், பேரிங் வீணாகும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயைக் காட்டவே கூடாது. சில கிளீனர்கள் சூட்டில் நச்சு வாயுவாக மாறக்கூடியவை.

2020-ல் வந்த புதிய தார் போன்ற வண்டிகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அவற்றின் முன்சக்கர அமைப்பே வேறு. ஏபிஎஸ் சென்சார், ரப்பர் பூட் எல்லாம் ஹப் அருகிலேயே இருப்பதால், தீயும் சுத்தியலும் அங்கே இன்னும் ஆபத்து. நடு நட்டைப் புதிதாக மாற்றி, கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது

பழைய ஜீப்பில் புதிய சீல், புதிய கிரீஸ் போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அட்ஜஸ்டிங் நட்டை இறுக்க வேண்டும். சுழற்சி கடினமானதும் ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்த வேண்டும். சக்கரம் தடையில்லாமல் சுழல வேண்டும்; ஆட்டமும் இருக்கக் கூடாது. பல்வெட்டில் மெல்லியதாகக் கிரீஸ் தடவினால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது. பிரேக் டியூப்பைக் கழற்றியிருந்தால், காற்றை வெளியேற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

மலை ஏறும் முன் ஐந்து நிமிடம்

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங் கோளாறு. நிற்கவில்லை என்றால் கிங்பின் பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டி வந்ததும் இரண்டு ஹப்புக்குப் பக்கத்திலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால், அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது.

தண்ணீரில் இறக்கும் முன் வண்டியைச் சற்று ஆறவிடுங்கள். ஆழமான தண்ணீரில் போய் வந்தால் ஹப்பைத் திறந்து கிரீஸைப் பார்த்துவிடுங்கள். பேரிங் இறுகி உடைந்தால் சக்கரமே கழன்று போகலாம். கொண்டை ஊசி வளைவில், பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது அது நடக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் ஹப்பைக் கழற்றி கிரீஸ் மாற்றிவிட்டால், துரு சேர நேரமே இருக்காது.