பவுலிங் பந்து வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னாடி லேன்ல இருக்கிற எண்ணெயைப் பாருங்க!

வாரக் கடைசியில் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கமிருந்து சென்னைக்கு வந்து பவுலிங் ஆடுபவர்களுக்கு, நாலைந்து முறை ஆடியதும் ஒரு ஆசை வரும். சொந்தமா ஒரு பந்து வாங்கினா என்ன? தாராளமாக வாங்கலாம். தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் பலமுறை தேசிய சாம்பியன் ஆன விளையாட்டு இது, வெறும் மால் பொழுதுபோக்கு இல்லை. ஆனால் கலரையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கினால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வீணாகலாம். கூடவே கட்டைவிரல் வலியும் வரலாம்.

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

கோட்டில் இருந்து முதல் பின் வரை லேனின் நீளம் 60 அடி. இதில் முதல் 40 அடி வாக்கில் மெல்லிசாக எண்ணெய் பூசியிருப்பார்கள். பொதுவாக நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. கடைசி 20 அடி கிட்டத்தட்ட காய்ந்த தரை. பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய், காய்ந்த இடத்தில் பிடித்துத் திரும்பும்.

கும்மிடிப்பூண்டி அருகே தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷலின் நிறுவனம் டயர் தயாரிக்கிறது. டயர் வேலை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பட்டன் தேய்ந்த டயர் ஈர ரோட்டில் வழுக்கும், நல்ல டயர் பிடிக்கும். பந்தின் மேல்தோலும் அப்படித்தான்.

எந்த மேல்தோல்?

மால்களில் எடுத்து ஆடும் பந்துகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். எண்ணெய் எப்படி இருந்தாலும் நேராகத்தான் போகும். உங்கள் வீச்சு நேர் வீச்சு என்றால் இதுவே போதும், விலையும் குறைவு. ஓரத்தில் தனியாக நிற்கும் ஒற்றை பின்னை அடிக்க, போட்டி வீரர்களும் ஒரு பிளாஸ்டிக் பந்தை பையில் வைத்திருப்பார்கள்.

1980களில் பரவிய யூரித்தேன் பந்து சீராக, மெதுவாக வளையும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்து வேறு ரகம். எண்ணெயில் நன்றாக வழுக்கி, கடைசியில் வெடுக்கென்று திரும்பும். இந்தத் திருப்பம் எதற்கு? வலது கைக்காரர் குறிவைப்பது 1, 3 ஆகிய பின்களுக்கு நடுவே. அங்கே சுமார் 6 டிகிரி கோணத்தில் பந்து நுழைந்தால் பத்தும் விழ வாய்ப்பு அதிகம். நேராக வரும் பந்துக்கு அந்தக் கோணம் கிடைக்காது, முட்டியதும் விலகிப் போய்விடும்.

அப்படியென்றால் இருப்பதிலேயே பலமான ரியாக்டிவ் பந்தை வாங்கிடலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணெய் குறைந்த லேனில் அந்தப் பந்து பாதியிலேயே திரும்பி, பின்களுக்கு மறுபக்கம் போய்விடும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் எண்ணெய் அதிகமுள்ள லேனுக்குப் பொருந்தும். பளபளப்பாக பாலிஷ் செய்தது என்றால் காய்ந்த லேனில் கொஞ்சம் கூடுதல் தூரம் வழுக்கும். நீங்கள் வழக்கமாக ஆடும் இடத்தில் எவ்வளவு தூரம் எண்ணெய் போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள் என்று ஊழியரிடம் கேட்டுவிட்டு பிறகு கடைக்குப் போங்க.

ஆட ஆட எண்ணெய் தேயும் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் கேமில் சரியாகப் போன பந்து மூன்றாவது கேமில் சீக்கிரம் திரும்பலாம். அதற்கு பந்தை மாற்ற அவசியமில்லை. வலது கைக்காரர் நிற்கும் இடத்தை கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினாலே பல நேரம் சரியாகிவிடும்.

எடையும் ஓட்டையும்

அதிகபட்ச எடை 16 பவுண்டு, அதாவது சுமார் 7.26 கிலோ. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்வார்கள், ஆனால் புதியவருக்கு அது கூடுதலாகவே இருக்கும். மூன்று கேம் ஆடிய பிறகும் மணிக்கட்டு மடங்காமல், தோள் இழுக்காமல் வீச முடிகிற எடைதான் உங்கள் எடை.

புதுப் பந்து ஓட்டை இல்லாமல் வரும். கையை அளந்து ஓட்டை போடத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். கட்டைவிரல் ஓட்டை தளர்வாக இருந்தால் பந்து நழுவாமல் இருக்க விரலை இறுக்குவீர்கள், வலி அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். செகண்ட் ஹேண்ட் பந்து மலிவாகக் கிடைத்தாலும், அதிலிருக்கும் ஓட்டை வேறொருவர் கைக்குப் போட்டது. அடைத்து மறுபடி போடலாம், அதற்குத் தனிச் செலவு.

ரியாக்டிவ் பந்து எண்ணெயை உறிஞ்சும், அதனால் ஒவ்வொரு முறை ஆடி முடித்ததும் துணியால் துடைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் மட்டும் விட்டுவிடாதீங்க, சூட்டில் பந்து விரிசல் விட்டுவிடும்.