காப்பியடிக்க அனுமதி உண்டு

இத்தாலியின் இவ்ரியா நகரில் ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடம் மூடப்படும் நிலை. மாணவர்கள் விளக்கெரியவும் மோட்டார் சுழலவும் கட்டளையிட உதவும் கையடக்க மைக்ரோகண்ட்ரோலர் போர்டு அதோடு மறைந்துவிடக்கூடாது என்று 2005-ல் மாசிமோ பான்ஸி குழுவினர் துணிந்து முடிவெடுத்தார்கள்: வரைபடம் எல்லோருக்கும் சொந்தம். யாரும் தயாரித்து விற்கலாம். 'ஆர்டுயினோ' என்ற பெயரை மட்டும் தொடக்கூடாது.

பலன்? மும்பை லாமிங்டன் சாலையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் நகல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. மாணவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் பல நகல்களில் யுஎஸ்பி இணைப்புக்கு இருப்பது சிஎச்340 என்ற மலிவு சிப். அதற்கான டிரைவரை நிறுவாவிட்டால் சில கம்ப்யூட்டர்கள் போர்டைக் கண்டுகொள்வதே இல்லை. உடனே அசல் தயாரிப்பாளரின் கதவைத் தட்டுபவர்களும் உண்டு.

மென்பொருளும் பாடங்களும் இலவசம்; பராமரிப்பு இலவசமல்ல. அந்தச் செலவில் ஒரு பங்கைச் சுமப்பது அசல் போர்டின் விலை. நகல் வாங்குபவர் அதில் காலணாவும் தருவதில்லை.