உங்களுக்குத் தெரியுமா? ஜெர்மனியில் 'கிஃப்ட்' என்றால் நஞ்சு!

ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' என்றால் அன்பளிப்பு. எழுத்து மாறாமல் ஜெர்மன் மொழியிலும் அந்தச் சொல் உண்டு. ஆனால் அங்கே அதற்குப் பொருள் நஞ்சு! எலி மருந்தை 'ராட்டன்கிஃப்ட்' என்கிறார்கள்.

இரண்டும் ஒரே வேரில் பிறந்தவைதான். 'கொடு' என்பதற்கு ஆங்கிலத்தில் 'கிவ்', ஜெர்மனில் 'கேபன்'. பழைய ஜெர்மனில் 'கிஃப்ட்' என்பதும் கொடையையே குறித்தது. பிறகு எப்படி நஞ்சானது? கிரேக்க மொழியில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். மருத்துவர்கள் வாயில் அது நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு ஆயிற்று. நாம் சொல்லும் 'டோஸ்' அதன் வழி வந்ததே. அந்தப் போக்கிலேயே ஜெர்மன் சொல்லும் 'கொடுக்கப்படும் மருந்து' ஆகி, கடைசியில் உயிரைக் குடிக்கும் மருந்தாகிவிட்டது.

பழைய பொருள் அடியோடு போய்விடவில்லை. மணப்பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சீதனத்துக்கு இன்றும் 'மிட்கிஃப்ட்' என்றே பெயர். சுவீடிஷ் மொழியிலோ இன்னும் வியப்பு: அதே எழுத்துகள் கொண்ட சொல்லுக்கு 'நஞ்சு', 'திருமணமானவர்' என இரண்டு பொருள்கள்!

இப்படி ஏமாற்றும் சொற்கள் வேறும் உண்டு. ஜெர்மன் 'பெகொமன்', ஆங்கில 'பிகம்' போல ஒலித்தாலும் பொருள் 'ஆகு' அல்ல, 'பெறு'.

ஜெர்மன் நண்பருக்கு அன்பளிப்பு தரும்போது 'கெஷெங்க்' என்று சொல்லிக் கொடுங்கள். அதுதான் சரியான சொல்.