இருநூறு ரூபாய் ஏன் இன்னும் இருநூறாகவே இருக்கிறது?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. வாங்குகிறவர்களில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு அதற்குள் இருக்கிறது. வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் உள்ள, 60 முதல் 79 வயது வரையிலான ஒருவருக்கு அந்த 1,200-இல் மத்திய அரசு போடுவது 200 ரூபாய்தான். மிச்சம் 1,000 மாநில அரசின் பணம்.

அந்த இருநூறுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியபோது, ஆதரவற்ற முதியவருக்கு மாதம் 75 ரூபாய் தரப்பட்டது. 2006-இல் அது 200 ஆனது. 2007-இல் முதியோர் ஓய்வூதியத் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் வந்தது. 2011-இல் தகுதி வயது 65-லிருந்து 60 ஆகக் குறைந்தது. 80 தாண்டியவர்களுக்கு மட்டும் 500 என்றானது. மற்றவர்களுக்கு அதே 200. விதவையருக்கும் கடுமையான ஊனம் உள்ளவர்களுக்கும் மத்திய அரசு தரும் பங்கு 2012-இல் 300 ஆனது, அங்கேயே நின்றுவிட்டது. சம்பாதிக்கிறவர் இறந்துபோன ஏழைக் குடும்பத்துக்கு ஒருமுறை தரும் 20,000 ரூபாயும் 2012-இல் வைத்த தொகைதான்.

விலைவாசிக் குறியீட்டையெல்லாம் புரட்ட வேண்டாம், நூறு நாள் வேலைக் கூலியைப் பார்த்தாலே போதும். 2006-இல் தமிழ்நாட்டில் அந்தக் கூலி 80 ரூபாய். அன்றைக்கு 200 என்பது இரண்டரை நாள் கூலி. 2025-26-இல் கூலி 336 ரூபாய். இப்போது அதே 200 அரை நாள் கூலியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இரண்டரை நாள் கூலி என்ற பழைய மதிப்பைக் காப்பாற்றவே இன்று 840 ரூபாய் தேவை. ஆகவே மத்திய அரசு 1,000 தரட்டும் என்று ஒருவர் கேட்டால், அதில் பெரும்பகுதி இருபது ஆண்டில் கரைந்துபோனதைத் திருப்பிக் கேட்பதுதான்.

“ரேஷன் அரிசி சும்மா கிடைக்கிறதே, அப்புறம் எதற்குப் பணம்?” என்பார்கள். அரிசி மட்டும் சோறாகிவிடாது. எண்ணெய், பருப்பு, பால், ராத்திரி மூச்சுத் திணறினால் ஆட்டோ, எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அதோடு, பேரனுக்கு நோட்டு வாங்கப் பத்து ரூபாய் எடுத்துக் கொடுக்க முடிகிற பாட்டிக்கு வீட்டில் இருக்கும் இடமே வேறு. குடும்பத்தின் வருமானமே தினக்கூலி என்கிறபோது, மாதம் தவறாமல் வரும் ஒரே தொகை இதுவாகத்தான் இருக்கும்.

மற்றவர்களுக்கு உயர்கிறது, இவர்களுக்கு மட்டும் ஏன் உயர்வதில்லை? நியாயமான கேள்வி. மத்திய அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி திருத்தப்படுகிறது. விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்களுக்கும் ஒரு வழி செய்துகொண்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டை ஒட்டிச் சம்பளம் தானாகக் கூடும் என்று 2018-இல் சட்டம் வந்தது. அதன்படி 2025 மார்ச்சில் மாதச் சம்பளம் 1 லட்சத்திலிருந்து 1.24 லட்சமாகவும், முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 25,000-லிருந்து 31,000 ஆகவும் அறிவிக்கப்பட்டன. தவறென்று சொல்லவில்லை, விலைவாசி எல்லாருக்கும்தானே ஏறுகிறது. ஆனால் 200 ரூபாய்க்காரருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. யாராவது நினைத்துப் பார்த்து, கோப்பை நகர்த்தி, பட்ஜெட்டில் சேர்த்தால்தான் உண்டு.

அதனால் “ஆயிரமாக்குங்கள்” என்பதைவிட முக்கியமான கோரிக்கை ஒன்று இருப்பதாக நினைக்கிறேன்: தொகையை விலைவாசியோடு கட்டுங்கள். ஒருமுறை உயர்த்திவிட்டு மறந்துபோனால், இன்னொரு இருபது ஆண்டில் அந்த ஆயிரமும் இன்றைய இருநூறு போலத் தேய்ந்துவிடும். நடக்காத காரியம் இல்லை. ராஜஸ்தான் 2023-இல் கொண்டுவந்த குறைந்தபட்ச வருமான உறுதிச் சட்டத்தில், ஓய்வூதியம் ஆண்டுக்கு 15 விழுக்காடு உயர வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள்.

பணத்துக்கு எங்கே போவது? முதியோர் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு போய்ச் சேர்வது சுமார் 2.2 கோடிப் பேருக்கு. தலைக்கு 800 கூட்டி 200-ஐ 1,000 ஆக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 21,000 கோடி ரூபாய் கூடுதலாகும். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50 லட்சம் கோடிக்கு மேல். அதில் இது அரை விழுக்காடுகூட வராது. அதே பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்று அறிவித்தபோது, ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி வருவாயை விட்டுக்கொடுப்பதாக அரசே சொன்னது. அதை யாரும் இலவசம் என்று திட்டவில்லை.

மாநிலங்கள்தான் தருகின்றனவே என்ற பதிலும் உண்டு. ஆந்திரம் 2024 ஜூலை முதல் 4,000 தருகிறது. பீகாரோ 2025-இன் நடுப்பகுதி வரை 400-லேயே நின்று, அதன் பிறகே 1,100-க்கு ஏறியது. ஏழைகள் நிறைந்த மாநிலத்தில் கஜானாவும் ஒல்லியாகவே இருக்கும். அங்கே பிறந்த பாவத்துக்காக ஒரு கிழவிக்குக் குறைத்துக் கொடுப்பது நியாயமில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மத்திய அரசின் பங்கு.

தொகையோடு தலைக்கணக்கும் உறைந்து கிடக்கிறது. எத்தனை பேருக்குப் பணம் என்ற உச்சவரம்பை மத்திய அரசு 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. மாநில ஒதுக்கீடு நிரம்பிவிட்டால், பட்டியலில் உள்ள ஒருவர் காலமானால்தான் அடுத்தவருக்கு மத்திய அரசின் பங்கு. மற்றவர்களை மாநிலம் தன் காசில் சேர்க்க வேண்டும், அல்லது காக்க வைக்க வேண்டும். தேசிய சமூக உதவித் திட்டம் முழுவதற்கும் 9,652 கோடி என்று அதே எண்ணே பட்ஜெட்டில் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்தாலே விஷயம் விளங்கும்.

கேட்காமலும் இல்லை. 2017 டிசம்பரில் ஜான் திரேஸ் உள்ளிட்ட அறுபது பொருளாதார அறிஞர்கள், 200-ஐ 500 ஆகவாவது உயர்த்துங்கள் என்று அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லிக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் எழுதினார்கள். ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் தொகையைக் கூட்டச் சொல்லிப் பலமுறை பரிந்துரைத்திருக்கிறது. சமூகச் செயற்பாட்டாளர்கள் அருணா ராயும் பாபா ஆதவும் முன்னின்று தொடங்கிய பென்ஷன் பரிஷத் என்ற அமைப்பு, குறைந்தபட்சக் கூலியில் பாதியை எல்லா முதியோருக்கும் ஓய்வூதியமாகக் கேட்கிறது.

நாளைக்கே தில்லி மனம் மாறினாலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 79 வயதில் ஒருவருக்குக் கிடைப்பது மத்திய அரசின் 200, மாநிலத்தின் 1,000. எண்பது நிறைந்ததும் மத்திய அரசின் பங்கு 500 ஆகிறது. கைக்கு வருவது 1,500 என்றுதானே நினைப்போம்? இல்லை, அதே 1,200-தான். மாநிலம் தன் பங்கை 700 ஆகக் குறைத்துக்கொள்கிறது. அங்கே கூடுவது இங்கே கழிந்துவிடுகிறது, லாபம் கஜானாவுக்குத்தான். ஆகவே மத்திய அரசுப் பங்கை உயர்த்தச் சொல்லி மனுக் கொடுப்பவர்கள், மாநிலம் தன் பங்கைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்க வேண்டும்.